கூட்டக்குறிப்பில் வராதது

வியாழன் மாலை ஆறரை.
ஏழாங்கட்டைத் தோட்டப் பள்ளியின்
இரண்டாம் ஆண்டு வகுப்பறை.
எங்கள் முழங்கால்கள் மேசைக்கு அடியில் நுழையவில்லை.
வாரியத்தில் ஒன்பது பேர்.
ஐவர் இருந்தால்தான் கூட்டம்.
நால்வர் இருக்கிறோம்.

ஐந்தாவது ஆள் அந்தோணிமுத்து
செம்பனை ஆலையின் எடைமேடையில்
கடைசி லோரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.
"தொடங்கிடுங்க, வந்து கை தூக்குறேன்" என்றார் போனில்.
தலைவர் நெடுமால் விதி பார்க்கிறவர்,
தூக்காத கையை எண்ணமாட்டார்.
காத்திருந்தோம்.
நான் வாங்கி வந்த வடை ஆறியது.

மழை பிடித்தது.
கூரையில் மூன்று இடங்களில் உள்ளேயும் வந்தது.
நிகழ்ச்சி நிரலின் நான்காம் அங்கம்
யாரும் வாசிக்காமலே
வாளியில் வாசிக்கப்பட்டது.

யாருடைய பள்ளி இது என்று
புதிதாக வந்த தபால்காரர்கூடக் கேட்டிருக்கிறார்.
ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது.
பாடநூலும் அப்படியே.
நிலம் கம்பெனியினுடையது.
கம்பெனி இரண்டு முறை கைமாறி
இப்போது கோலாலம்பூரில்
கண்ணாடிக் கட்டடமொன்றின் பதினேழாம் மாடியில் இருக்கிறது.
கட்டடம் வாரியத்தினுடையது.
அதாவது
ஒழுகுவது எங்களுடையது.

இலாகாவுக்கு எழுதினோம்,
நிலப்பட்டாவின் நகல் கேட்டார்கள்.
கம்பெனிக்கு எழுதினோம்,
இலாகாவின் கடிதம் கேட்டார்கள்.
சட்டமன்ற உறுப்பினர் வந்து
கதவு அகலத்துக்கு ஒரு மாதிரிக் காசோலை தந்தார்.
பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்துப் படம் பிடித்தோம்.
உண்மைக் காசோலை உள்ளங்கை அகலம்.
ஏழு மாதம் கழித்து வந்தது.
அதற்குள் கழிவறைத் தொட்டி நிறைந்து
அந்தப் பணம் அங்கேயே போயிற்று.
மாதிரிக் காசோலை இன்னும் இருக்கிறது,
நூலகத்து ஜன்னலில், வெயிலுக்கு.

நான் பொருளாளர்.
நிபோங் திபாலில் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
பிரேக் பட்டைக்கும் பள்ளிக்கும்
ஒரே மாதிரிதான் கோடு கிழிப்பேன்.
வங்கியில் நிலைவைப்பு, பதினோராயிரத்து நானூற்று இருபது வெள்ளி,
மூன்று விருந்துகளில் கோழிக்கறி போட்டுச் சேர்த்தது.
அரசாங்க மானியம் தலைக்கு இத்தனை என்று வரும்.
முப்பத்தேழு தலை.
ஒரு தலை நகர்ந்தால்
அதற்குரிய காகிதமும் பேனா மையும்
கால்பந்தில் ஒரு தையலும் கூடவே நகரும்.

"வர்ற வருஷம் ஒண்ணாம் ஆண்டுக்கு எத்தனை?"
நெடுமால் கேட்டார்.
"மூணு" என்றார் தலைமையாசிரியை புனிதமலர்.
பிறகு வாளியைப் பார்த்துக்கொண்டு,
"நாலு வரும்னு நினைச்சேன்."

என் மகன் கதிரொளிக்கு ஜனவரியில் டவுனில்
சீனப் பள்ளி. இடம் கிடைத்துவிட்டது.
வேன்காரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் காரணங்கள் இருந்தன,
நல்ல காரணங்கள்,
மனைவியோடு இரவிரவாகப் பேசித் தேர்ந்தவை.
கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.
அதில் ஒன்றுமில்லை,
திரும்பவும் திருப்பினேன்.

அந்தோணிமுத்து நனைந்து வந்தார்.
சட்டையில் எண்ணெய்ப் பழத்தின் மணம்.
உட்காருமுன்பே கையைத் தூக்கி,
"எதுக்கு?" என்றார்.
சிரித்துவிட்டோம்.

வைப்பை உடைத்துக் கூரை மாற்றுவது.
ஐந்து கை.
அதில் என்னுடையதும் ஒன்று.
காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்.
நெடுமால் ஒன்று. நான் ஒன்று.
பேனா எழுதாமல் அடம்பிடிக்கும் என்று நினைத்தேன்.
நன்றாகவே எழுதியது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது,
எட்டு ஐந்துக்குக் கூட்டம் முடிந்தது என்று
குறிப்பில் இருக்கும்.
கிளம்பும்போது,
"வடை ஆறு வெள்ளி, என் காசு,
கணக்கில் ஏற்ற வேண்டாம்" என்றேன்.

புனிதமலர் வாளியை வெளியே கவிழ்த்துவிட்டு
அதே இடத்தில் திரும்ப வைத்தார்.
"ஏத்துங்க சார்.
நன்கொடைன்னு போடுங்க.
வந்ததையாவது எழுதி வைப்போம்."